தண்ணீர் குடித்த கார்

செவ்வாய்க்கிழமை காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து கனகராஜ் உள்ளே விரலை விட்டார். விரல் காய்ந்தே வெளியே வந்தது.

"நேத்துதானே கழுத்து வரைக்கும் ஊத்துனேன்," என்றார்.

பக்கத்தில் நின்ற வேலப்பன் காருக்கு அடியில் படுத்தார். தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கும் ஆள் அவர். தோட்டக் கணக்கரான கிராணியார் கனகராஜின் கார் எஞ்சினைப் பிரித்து, கழுவி, போன வாரம்தான் மறுபடி மாட்டிக் கொடுத்திருந்தார். கையோடு பழுதாகியிருந்த வேறு சில உருப்படிகளையும் மாற்றியிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஈப்போவில் கனகராஜின் மகள் ரமணிக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு. வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி வருஷம். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர மலையிலிருந்து பஸ் கிடையாது. கார் அடிவாரத்துத் தாப்பா வரைக்கும் வளைந்து வளைந்து இறங்கி, அப்புறம் ஈப்போவுக்கு ஓடியாக வேண்டும்.

வேலப்பன் எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டார்.

"தண்ணி ஓஸ் கிளிப்பு லூசா இருந்துச்சு கிராணியாரே. முடுக்கிட்டேன். இனி ஒரு சொட்டு போவாது."

புதன்கிழமை காலை ஒரு சொட்டு அல்ல, எல்லாமே போயிருந்தது.

"மஞ்சத்தூள் நாலு கரண்டி போடுங்க," என்றார் வேலப்பன். "ஓட்டை எங்க இருந்தாலும் போயி அடைச்சிக்கும்."

சமையலறையிலிருந்து கனகராஜின் மனைவி பத்மா எட்டிப் பார்த்தாள். "நாலு கரண்டியா? கோழிக்கே நான் ஒரு கரண்டிதான் போடறேன்."

"கோழி தாப்பா மலை எறங்காதும்மா."

மஞ்சள் கலக்க வேண்டுமென்று அன்று மாலை கனகராஜ் பிரிஞ்சாங் வரை ஓட்டிப்போய் வந்தார். சந்தையில் நிறுத்தியபோது காய்கறி விற்கும் சீனர் ஒருவர் சன்னல் வழியே மூக்கை நீட்டி, உள்ளே என்ன கறி என்று மலாயில் விசாரித்தார்.

வியாழக்கிழமை காலை ரேடியேட்டர் காலி.

"முட்டை," என்றார் வேலப்பன். "ரெண்டு வெள்ளைக்கரு. சூட்டுல வெந்து ஓட்டையில ஒட்டிக்கும்லா."

பத்மா முட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "உப்பு மட்டும் போட்டுடாதீங்க. சாப்பிட ஆள் வந்துரும்."

முட்டை வேகட்டுமென்று அன்று மாலையும் கனகராஜ் ஓட்டிப்போய் வந்தார். வெள்ளிக்கிழமை காலையும் காலி. வேலப்பன் இந்த முறை காரைப் பார்க்கவில்லை. கார் நின்ற கொட்டகையின் சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"தரை காஞ்சி கெடக்கு பாருங்க. வெளிய ஒழுகல. அப்ப எங்க போவுது? எஞ்சின் உள்ளுக்குள்ளயே குடிக்குது. உள்ள இருக்கற தகடு, கேஸ்கட் போயிருச்சு. பிரிக்கணும்."

"போன வாரந்தானய்யா பிரிச்சே?"

"அது வேற கோளாறுக்குப் பிரிச்சது."

சனிக்கிழமை முழுவதும் எஞ்சின் பழைய சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. கனகராஜ் அதைப் பார்க்கப் பொறுக்காமல் பக்கத்து ஊரான திரிங்காப்புக்குப் போய், ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றும் லாரிக்காரரிடம் மகளுக்கு ஓர் இடம் கேட்டுவிட்டு வந்தார். முன்னால் இடமில்லை, பின்னால் மூட்டை மேல் உட்காரலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார் அவர்.

"கோஸ் மேல உக்காந்து போயி எறங்குனா, கேள்வி கேப்பாங்களா, எடை போடுவாங்களா அப்பா?" என்றாள் ரமணி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சேலையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, பழைய பாவாடை ஒன்றை வெளியே எடுத்தாள். கனகராஜ் அதைப் பார்த்தார்.

ஞாயிறு மதியம் எஞ்சின் திரும்ப மாட்டப்பட்டது. கேஸ்கட்டில் ஒரு கீறலும் இல்லை. சாக்கில் மட்டும் இரண்டு போல்ட்டுகள் மிச்சம் கிடந்தன.

"இது எங்கேயுள்ளது?" என்றார் கனகராஜ்.

வேலப்பன் அவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "செய்றப்பவே ரெண்டு அதிகமா வச்சிருப்பான் கிராணியாரே."

சாயங்காலம் கனகராஜ் மேலே கியா பார்ம் வரை காரை ஓட்டி ஏறி இறங்கினார். எஞ்சின் கொதிக்கவில்லை. தண்ணீரும் குறையவில்லை. காரைக் கொட்டகையில் விட்டு, மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வேலப்பனையும் போகவிடவில்லை.

"எப்படித்தான் போவுதுன்னு இன்னைக்கு என் கண்ணால பாக்கறேன்."

பனி இறங்கத் தொடங்கியது. கால் மணி நேரத்தில் கொட்டகைக்குப் பின்னால் வாளிச் சத்தம் கேட்டது. பின்னாலுள்ள தொழிலாளர் லயத்துச் செல்லம், கொழுந்து பறிக்கிறவள், வெகு இயல்பாக உள்ளே வந்து, காரின் முன்பக்கம் வாளியை வைத்துக் குனிந்தாள். ரேடியேட்டருக்கு அடியில் ஏதோ ஒரு திருகைத் திருப்பினாள். ஆவி பறக்க வாளியில் தண்ணீர் விழுந்தது.

"செல்லம்," என்றார் கனகராஜ். "என்ன பண்றே?"

செல்லம் பதறவில்லை. "மருமக குளிக்கத்தான் கிராணியாரே. புள்ள பெத்து இருவது நாளு. இந்தக் குளுர்ல வெறகு எங்க எரியுது? முன்னல்லாம் பாக்டரி எஞ்சின்லதான லயமே சுடுதண்ணி புடிக்கும். கரண்டு வந்து அத நிறுத்திட்டாங்க. அப்பறம் பாத்தா, வேலப்பண்ணன் அதே பித்தளக் குழாயக் களட்டி ஒங்க மோட்டார் காடியில மாட்டியிருக்காரு. எடம் மாத்தி வச்சிருக்காங்கன்னு புரிஞ்சிக்கிட்டோம்."

கனகராஜ் திரும்பிப் பார்த்தார். வேலப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரமணி," என்று வீட்டைப் பார்த்துச் சொன்னார் கனகராஜ். "வெள்ளச் சேலைய வெளிய எடும்மா. காடியிலேயே போறோம்."

பிறகு செல்லத்திடம் என்னவோ கடுமையாகச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் குழாயை மூடி, வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முந்திக்கொண்டாள்.

"பச்ச ஒடம்புக்காரின்னு தெரிஞ்சு மஞ்சளெல்லாம் போட்டு வச்சீங்களே, அந்த மனசுக்குத்தான் புள்ளைக்கு ஒங்க பேரையே வைக்கிறதா இருக்கோம். முட்டை மட்டும் இனிமே வேணாம்லா, தலையில வாட போவ மாட்டேங்குது."