மனோரஞ்சிதத்தில் ஒரு மதியத் தூக்கம்

அழகான போட்டோவைப் பார்த்தால் எனக்குப் புத்தி வேலை செய்யாது. இதை நானே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. என் மனைவி ஸ்டெல்லா வாயால் கேட்டீர்களென்றால் இன்னும் மோசமாக இருக்கும்.

எங்கள் பத்தாவது கல்யாண நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. ஸ்டெல்லா கோயமுத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ.வில் நர்ஸ். "ரெண்டு நாள் எங்காச்சும் போலாமுங்க. யாரும் என்னைய 'சிஸ்டர்'னு கூப்பிடாத எடமாப் பாருங்க, அது போதும்" என்றாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் அதற்கு ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், தோப்புக்கு நடுவில் இருக்கிற சொகுசு ஓட்டல்கள் அத்தனையையும் போனில் மேய்ந்தேன். வெள்ளைத் திரைச்சீலை காற்றில் ஆடும். அதற்கு அந்தப் பக்கம் பனிமூட்டம். ஜன்னலோரம் ஒரு குளியல் தொட்டி, அதில் நாலு பூ. பார்க்கப் பார்க்க நானே அந்தத் தொட்டியில் மிதக்கிற மாதிரி இருக்கும்.

(நான் பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் போன் எடுக்கிறவன். ஒரு நாள் தாராபுரத்து விவசாயி ஒருவர், "ஏனுங்க, மோட்டார் ஓடுது, தண்ணி ஏற மாட்டேங்குது" என்றார். நான், "ரூம்ல இருந்து மலை தெரியுமுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "மோட்டார் ரூமுக்கு ஜன்னலே இல்லீங்களே" என்றார், பாவம்.)

கடைசியில் தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஓர் இடத்தைப் பிடித்தேன். பதிவு செய்யும்போது, 'வேறு ஏதாவது விருப்பம்?' என்று கேட்ட கட்டத்தில், 'பத்தாவது கல்யாண நாள்' என்று மட்டும் எழுதினேன். மீதியை அவர்களே புரிந்துகொள்ளட்டும் என்று.

போய் இறங்கியபோது தூறல் நின்று, மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. போட்டோவில் பார்த்தது அப்படியே! வரவேற்பில் இருந்த பெண் துளசித் தண்ணீர் கொடுத்து, "ரூம் ரெடியாகுதுங்க சார். சாப்பிட்டு வாங்க, பேக்கெல்லாம் வந்துருமுங்க. உங்க காட்டேஜ் பேரு மகிழம்" என்றாள். கூடவே, "காலைல பக்கத்துத் தோப்புல யானை வந்துட்டுப் போச்சு. மேற்கால வேலிப் பக்கம் மட்டும் போயிராதீங்க" என்றாள். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினேன்.

மூன்று விதப் பாயசம் வைத்திருந்தார்கள். மூன்றையும் சாப்பிட்டேன். ஸ்டெல்லா இஞ்சி டீக்கு உட்கார, நான் முன்னால் நடந்தேன். ஈர மண் வாசம், எங்கோ ஒரு குயில், வழியெல்லாம் ஒரே மாதிரி ஓட்டுக் காட்டேஜ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பூவின் பெயர். 'ம' என்று தொடங்கிய கல்லைப் பார்த்ததும் திரும்பினேன். (முழுப்பெயரையும் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

கதவு திறந்திருந்தது. கட்டில் முழுக்க ரோஜா இதழ், இதய வடிவில். நடுவில் துண்டை மடித்துச் செய்த இரண்டு அன்னங்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு வரி எழுதினதற்கு எவ்வளவு செய்திருக்கிறார்கள்! ஸ்டெல்லாவைக் கூப்பிடலாமென்றால் போனில் சிக்னல் இல்லை. எப்படியும் வருவாள். வேர்வையாக இருந்ததால் சட்டையைக் கழற்றிப் போட்டு, ஓர் அன்னத்தைப் பிரித்து முகம் துடைத்தேன். இன்னொன்றைத் தலைக்கு வைத்து, அவள் வரும்வரைக்கும் என்று கட்டில் ஓரமாகச் சாய்ந்தேன்.

அப்படி ஒரு தூக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தாமரைக் குளத்தில் நான் மெத்தையோடு மிதந்து போகிறேன். கரையில் ஆட்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், மேளம் கொட்டுகிறார்கள். எனக்குத்தான் ஊர்வலம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மேளமெல்லாம் நிஜம். மகிழத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்த ஸ்டெல்லா வரவேற்பில் போய்ச் சொல்ல, தோட்டக்காரர் ஒருவர், "அந்தண்ணன் தனியா மேற்காலதான் போனாருங்க" என்றிருக்கிறார். வாட்ச்மேன்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு, "ஜெரோம் சார்! ஜெரோம் சார்!" என்று வேலியோரமாக என்னைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் அந்த மனோரஞ்சிதம் காட்டேஜுக்கு உரியவர்கள் வந்தார்கள். கல்யாணமாகி மூன்றே நாளான ஜோடி. பட்டுப்புடவையும் தலை நிறைய மல்லிகையுமாக அந்தப் பெண் கதவைத் தள்ளினாள். உள்ளே, உடம்பெல்லாம் ரோஜா இதழ் ஒட்டிய ஒரு நாற்பது வயது ஆள்.

அவள் போட்ட அலறலில் எழுந்து உட்கார்ந்தேன். தூக்கக் கலக்கத்தில் வீட்டுப் பழக்கம்தான் வந்தது. "வாங்க, வாங்க, உக்காருங்க" என்றேன்.

பின்னால் நின்ற மாப்பிள்ளை மிரண்டு காலைப் பின்னால் வைத்தான். அங்கே படி. தரையில் விழுந்து கிடந்தபடியே, "இருக்கட்டுங்க" என்றான்.

அலறலைக் கேட்டு ஸ்டெல்லா வெறுங்காலோடு ஓடி வந்தாள். என்னைப் பார்த்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உசுரோடதான் இருக்கீங்களா?" என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள், என் மார்பில் ஒட்டிய இதழ்களைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முனகினான். கணுக்கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

அவ்வளவுதான். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து அவன் காலை மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஐஸ் கொண்டாங்க. ஏங்க, அந்தத் துண்டை எடுங்க" என்றாள். கட்டுப் போட்டு முடித்தபோது அந்தப் பெண், "நீங்க நர்ஸுங்களாக்கா?" என்று கேட்டாள். மாலைக்குள் ஓட்டல் முழுக்க ஸ்டெல்லாவை 'சிஸ்டர்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சமையல்காரர்கூட வந்து பிரஷர் பார்த்துக்கொண்டார்.

புது ஜோடிக்கு வேறு காட்டேஜ் கொடுத்தார்கள். மாப்பிள்ளை பிரகாஷ் இரண்டு நாளும் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துத்தான் தேனிலவு கொண்டாடினான். சாப்பாட்டுத் தட்டை அவனுக்கு நான்தான் சுமந்தேன். அவன் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. "உங்களுக்கு எதுக்குங்கண்ணா சிரமம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்டெல்லா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைக்கும் என்னிடம் பேசவில்லை. கிளம்புவதற்கு முன் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். மலையிலிருந்து மேகம் இறங்கித் தோப்பை மெல்ல மெல்ல மூடிக்கொண்டிருந்தது.

"தேடறப்ப, உங்க சட்டை என்ன கலர்னு கேட்டாங்க" என்றாள். "எனக்கு நெனப்பே வரலீங்க. காலைல இருந்து கூடவே இருக்கறேன், சட்டையக்கூடப் பாக்கல. அதுக்குத்தான் அழுதேன்."

"பச்சைக் கட்டம்" என்றேன்.

"இப்பத் தெரியுதுங்க" என்று சொல்லி என் தோளில் சாய்ந்தாள். மேகம் எங்கள் காலடி வரைக்கும் வந்தது. நான் தேடிய ஒரு போட்டோவிலும் அது இல்லை.

பிரகாஷ் இப்போது எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. அவர்கள் கல்யாண நாள் நெருங்கும்போது, வருசம் தவறாமல் அவனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். ஸ்டெல்லா என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, வீடே கேட்கிற மாதிரி சத்தமாகப் போடுவாள்.

"ஏனுங்கண்ணா, இந்த வருசம் நீங்க எங்க படுக்கறதா இருக்கறீங்க? முன்னாடியே சொல்லிப்போட்டீங்கன்னா, நாங்க வேற ஊரு பாத்துக்கறமுங்க."