சகலை வீட்டுப் பச்சை விளக்கு

பெட்டியில் ஆரஞ்சு விளக்கு மறுபடியும் மின்னியது. லிஃப்ட் மெக்கானிக் பல்லைக் கடித்தான்.

தோட்டத்துக்குத் தானாகவே தண்ணீர் விடும் பெட்டி அது. மதிலுக்கு அந்தப் பக்கம் சகலை வீடு. அங்கேயும் அதே கம்பெனிப் பெட்டி. ஆனால் அதில் பச்சை. சிமிட்டாமல், ஆடாமல், திமிராக நிற்கும் பச்சை. செடிகளும் அதற்கேற்றபடி தளதளவென்று நின்றன.

சாயங்காலம் மாமனார் வருகிறார். செடி கொடியென்றால் உயிரை விடுகிற மனுஷன். வந்தால் நேரே மூத்த மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போய், "அடடா!" என்பார். இந்தப் பக்கம் திரும்பி, "நீங்க சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. இந்தத் தடவை அந்த "அடடா" தனக்கு வேண்டும் என்றுதான் ரோஜாப் பாத்தியும் போட்டு, பெட்டியும் வாங்கியிருந்தான்.

"ஏங்க, கூட ஒரு புத்தகம் கொடுத்தாங்களே, அதைப் படிங்களேன்" என்றாள் மனைவி.

"புத்தகம் படிச்சா லிஃப்ட் ரிப்பேர் கத்துக்கிட்டேன்? பச்சைன்னா நல்லது, ஆரஞ்சுன்னா கோளாறு, சிவப்புன்னா ஆள் உள்ள மாட்டிக்கிட்டான். உலகம் பூரா இதுதான்."

பெட்டியை அணைத்துப் போட்டான். ஆரஞ்சு. வைஃபை எட்டவில்லையோ என்று, கூடத்திலிருந்த ரூட்டரைப் பிடுங்கிவந்து ஜன்னலில் கட்டினான். நீலம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. பிறகு ஆரஞ்சு, முன்னைவிட உற்சாகமாக.

மதிலுக்கு மேல் சகலையின் தலை தெரிந்தது. "என்ன சகலை, பெட்டியோட மல்லுக்கட்டு?"

"சும்மா, தூசி தட்டறேன்."

"நல்லா மின்னுதே!" என்று சொல்லிவிட்டுத் தலை மறைந்தது.

"குத்திக் காட்டறான் பாரு" என்று முணுமுணுத்தான்.

"அவர் சாதாரணமாத்தாங்க சொன்னாரு."

"உங்க அக்கா புருஷன் உனக்குச் சாதாரணம். எனக்கு வயிறு எரியுது."

வேகத்தில், மண்ணுக்குள் செருகியிருந்த ஈரம் பார்க்கும் கம்பியைக் கழற்றி வீசினான். லிஃப்டில் ஒரு சென்சார் முரண்டு பிடித்தால் அதைத் தாண்டி ஓட்டிப் பார்ப்பது அவன் வழக்கம். பெட்டி பச்சையானது!

"பார்த்தியா? தொழில்காரன் கை!"

ஆனால் அந்தப் பச்சை சிமிட்டியது. குழாய்களெல்லாம் பீறிட்டன. பாத்தி குளமாகி, ரோஜாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

"நிறுத்துங்க!"

"இரு, பச்சை நிலையா நிக்கட்டும்." வால்வுக்குப் போகும் ஒயர்களை மாற்றிச் செருகினான். 'டப்' என்று ஒரு சத்தம். சிவப்பு. தண்ணீர் மட்டும் நிற்கவே இல்லை. ஓடிப்போய் மெயின் வால்வைத் திருகி மூடினான். தோட்டம் அடங்கியது. குளியலறையிலிருந்து மகள் அலறினாள்.

"அப்பா! தலை பூரா ஷாம்பு! தண்ணி வரலை!"

"புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதைதான்" என்றாள் மனைவி. அவன் கம்பெனிக்குப் போன் போட்டான். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று பாட்டுப் பாடிவிட்டு அதுவாகவே அறுந்தது.

அரை மணி நேரத்தில் கம்பெனிச் சட்டை போட்ட ஒருவன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான்.

"பரவாயில்லையே, போன் போட்டதும் வந்துட்டீங்க!" என்று வரவேற்றான் மெக்கானிக்.

வந்தவன் குளத்தைப் பார்த்தான். கருகிய பெட்டியைப் பார்த்தான். "இது என்ன சார் கோலம்?"

"ஆரஞ்சு விளக்கு மின்னிக்கிட்டே இருந்துச்சு. கோளாறைச் சரி பண்ணினேன்."

"ஆரஞ்சு கோளாறே இல்ல சார். மண்ணுல ஈரம் இருக்கு, இன்னைக்குத் தண்ணி வேண்டாம்னு பெட்டியே முடிவு பண்ணியிருக்கு. அருமையா வேலை செஞ்சிருக்கு."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "அப்போ... அசையாம நிக்கிற பச்சை?"

"கரண்ட் வருது, வேற ஒண்ணுமே செட் பண்ணலைன்னு அர்த்தம். பெட்டி சும்மா தூங்குது."

மெக்கானிக் மதிலைப் பார்த்தான். அத்தனை சேற்றிலும் அவன் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "சரி, சீக்கிரம் இதைச் சரி பண்ணுங்க. மாமனார் வர்ற நேரம்."

"உங்க கம்ப்ளெயிண்ட் எதுவும் எனக்கு வரலையே சார்" என்றான் அவன். "நான் பக்கத்து வீட்டுக்கு வந்தவன். விடியறதுக்கு முன்னாடி திருட்டுத்தனமா செடிக்குப் பைப் பிடிச்சே அவருக்கு இடுப்பு போச்சாம். 'எங்க சகலை பெட்டி ஆரஞ்சுல ஜோரா மின்னுது, அதை அப்படியே பார்த்துட்டு வந்து எனக்கும் வச்சுக் கொடு'ன்னு அவர்தான் அனுப்பினார்."