நோன்பில் ஒரு சட்டித் தயிர்

அன்பு மகள் தெமியானாவுக்கு, மின்யாவிலிருந்து அப்பா பிஷாய் சிலுவை வரைந்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். நீயும் மருமகனும் நலம்தானே? போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய் என்பதால் இந்தக் கடிதம்.

நீ அலெக்சாந்திரியாவுக்கு டாக்டராக இருக்கலாம், எனக்கு மகள்தான். உன் அம்மா போனதிலிருந்து நான் வெறும் ரொட்டியைக் கடித்துக்கொண்டு கிடக்கிறேனாம், வயிற்றுக்குள் இருக்கும் கோடிக் கிருமிகள் வாடினால் மனசும் வாடலாமாம், சாகும் எண்ணம்கூட வரலாமாம், தினம் தயிர் சாப்பிட வேண்டுமாம். நிச்சயமா என்று கேட்டால், "இன்னும் ஆராய்ச்சி நடக்குதுப்பா. தயிர் மட்டும் போதாது, மனநல டாக்டரையும் பாக்கணும்" என்கிறாய். நிச்சயமில்லாத ஒன்றுக்காக அறுபத்திரண்டு வருஷ நோன்பை முறிக்கவா? பெரிய நோன்பு முடியும்வரை பால் வாடையே ஆகாது என்பதை அங்கே போய் மறந்துவிட்டாயா?

இருந்தாலும் உன் வாயை அடைக்க நேற்று பால்கடை ஹாஜி சப்ரியிடம் போய்த் தயிர் கேட்டேன். அவன் சட்டியை மூடிவிட்டான். "ஈஸ்டருக்கு இன்னும் இருபத்து மூணு நாள் இருக்கே அண்ணே! உங்க பாவத்துல நான் பங்குக்கு வரமாட்டேன்." எனக்கில்லையப்பா, வயிற்றுக் கிருமிகளுக்கு என்றேன். "அதுங்களும் கிறிஸ்தவங்கதானே? கூடச் சேர்ந்து நோன்பு இருக்கட்டும்!" கடையே சிரித்தது. நோயாளி என்றால் பாதிரியாரிடம் விலக்கு வாங்கி வரவேண்டுமாம். எனக்கு என்னடி நோய்? நம் பாதிரியார் அபூனா பகூம் அதைத்தானே முதலில் கேட்பார்?

ஆகவே தயிரைத் தொடமாட்டேன். டாக்டர் வாசலையும் மிதிக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே ஒரு கேள்வி, அதற்குப் பதிலும் சொல்லமாட்டேன். பெத்த அப்பனைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா அது?

கன்னி மரியாள் உங்கள் வீட்டுக்குக் காவல் இருப்பாளாக.

உன் அப்பா,
பிஷாய்

பி.கு: தபால் பெட்டிக்குப் போகிற வழியில் அபூனா பிடித்துக்கொண்டார். சப்ரி தயிர்க் கதையைச் சொல்லிவிட்டானாம். "என்ன நோய்?" என்றார். செத்தால் தேவலை என்று குளிர்காலம் முழுக்கத் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். "காய்ச்சல்னா மருந்து சாப்பிடமாட்டியா? இதுவும் நோய்தான்யா, டாக்டரைப் பாரு" என்று என் கையைப் பிடித்துக் கடைக்கே இழுத்துப்போனார். "சப்ரி, இவர் கிருமிங்களுக்கு நான் விலக்கு கொடுத்தாச்சு!" ஒரு சட்டியை நின்ற இடத்திலேயே தின்றேன். புளிப்பு.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம் மகளே, அந்தச் சாகும் எண்ணம் எனக்கு வருகிறது. தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது. உன்னோடு டாக்டரிடம் வருகிறேன். அதுவரை அபூனா வீட்டில் இருப்பேன், அவர் மனைவி இப்போதே படுக்கை விரித்துவிட்டாள். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை காத்திருக்காமல் இப்போதே போன் செய்யப்போகிறேன். குறுக்கே பேசு.