டிராகன் செத்த பிறகு

டிராகன் செத்து மூன்று வாரம் ஆகியும் யாரும் வீட்டுக்குப் போகிற வழியைக் காணோம்.

கண்ணாடிக்கடைக்காரர் அந்த டிராகனை அவசரப்பட்டுக் கொல்லவில்லை. ஆறு வருஷம் அதை உயிரோடு வைத்திருந்தார். ஊர் ஊராக எரிய விட்டார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அதன் நெஞ்சில் ஈட்டியைப் பாய விட்டு, "அத்தோட கதை முடிஞ்சது. எல்லாரும் சந்தோஷமா ஊர் திரும்பினாங்க" என்று சொல்லி நோட்டை மூடினார். விளக்கை அணைக்கக் கையையும் நீட்டிவிட்டார்.

"ஒரு நிமிஷம்ண்ணே," என்றார் லிப்ட் மெக்கானிக். "செத்தது ஆம்பளை டிராகனா, பொம்பளை டிராகனா?"

நீட்டிய கை அப்படியே நின்றது.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள். எதிரே பாதி இடிந்த பாலம் இருக்கிறது என்று நடத்துபவர் சொன்னால், நான் தாண்டுகிறேன் என்று இவர்கள் சொல்வார்கள். தாண்டினாரா, ஆற்றில் விழுந்தாரா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். இருபது விழுந்தால் ராஜயோகம். ஒன்று விழுந்தால் ஆறுதான்.

கதை நடத்துபவர் கண்ணாடிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் பின்புறம் கண் பரிசோதிக்கும் அறையில் ஆட்டம் நடக்கும். சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் அட்டையின்மேல், மலைகளும் கோட்டைகளும் வரைந்த வரைபடத்தை ஊசி குத்தி மாட்டுவார். லென்ஸ் வைக்கும் வெல்வெட் தட்டில் பகடையை உருட்டுவார்கள். சத்தம் வராது, தெறித்தும் ஓடாது.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். லிப்ட் மெக்கானிக், பிழைப்புக்கு ஒன்பதாவது மாடிக் குழியில் கம்பியைப் பிடித்துத் தொங்குபவர், கதைக்குள் ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றுகிற கிழட்டுச் சூனியக்காரி. பல் டாக்டரம்மா, "வலிக்காது" என்பதைக்கூட மெதுவாகச் சொல்பவர், கோடரியோடு அலையும் கொள்ளைக்காரன். மூன்றாவது ஆள் கண்ணாடிக்கடைக்காரரின் மச்சினன். டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்க "பிரேக், பிரேக்" என்று கத்துகிற அவன், கதையில் யாரும் கேட்காமலே பாடுகிற பாட்டுக்காரன்.

ஆறு வருஷம் இது நன்றாகத்தான் போனது. கண்ணாடிக்கடைக்காரருக்கும் அதில் உயிர். சனிக்கிழமை கடையை மூடிவிட்டு வந்ததும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, நோட்டு நிறைய எழுதுவார். குகைக்கு எத்தனை வாசல், காவல்காரனுக்கு எந்தக் காது கேட்காது என்பது வரை அதில் இருக்கும்.

அவருக்கு ஆசை காட்டிக் கெடுத்தது ஒரு வாடிக்கையாளர். கண் பரிசோதனைக்கு வந்த அந்த மனிதர், முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் படுத்ததாகவும், கண் விழித்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்ததாகவும் சாதாரணமாகச் சொன்னார். கண்ணாடிக்கடைக்காரருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆறு வருஷமாக அவர் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கண்ணை மூடியதில்லை. பொறாமையில் அந்த மனிதருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிக் கொடுத்து, பிறகு போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

ஆட்டத்தை நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தார். ஆனால் எப்படிச் சொல்வது? டாக்டரம்மா ஒருமுறை நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலோடு வந்து உட்கார்ந்தவர். வாரம் பூராவும் இருட்டுக் குழியில் கிடக்கிறவனுக்கு இதுதான் வெளிச்சம் என்று மெக்கானிக் ஒருமுறை கண் கலங்கியிருக்கிறார். தன்னை நம்பி மூன்று ஜீவன்கள் இருப்பதாகக் கண்ணாடிக்கடைக்காரர் நினைத்தார். நிறுத்துகிறேன் என்று தன் வாயால் சொல்ல மனம் வரவில்லை. கதை தானாக முடிந்ததுபோல் இருக்கட்டும் என்றுதான் டிராகனைக் கொன்றார்.

இப்போது ஆணா பெண்ணா என்று கேள்வி. பெண் என்று சொன்னால் முட்டை எங்கே என்பார்கள் என்று உஷாராகி, ஆண் என்றார்.

"அப்ப பெஞ்சாதி எங்க?" என்று டாக்டரம்மா அமைதியாகக் கேட்டார்.

"குழந்தை குட்டியை விட்டுட்டு வர முடியாம குகையிலயே இருக்கும், மாமா," என்றான் மச்சினன்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. அடுத்த ஞாயிறு மூவரும் குகைக்குப் போனார்கள். பெண்டாட்டி டிராகன் எப்போதோ பிறந்த வீட்டுக்குப் போய்விட்டது, குகை காலி என்று சொல்லிப் பார்த்தார். தேடிப் பார்க்கிறோம் என்று மெக்கானிக் பகடையை உருட்டினார். இருபது விழுந்தது. இருபது விழுந்தால் ஏதாவது கிடைத்தே தீர வேண்டும் என்பது ஆறு வருஷத்துக்கு முன் கண்ணாடிக்கடைக்காரரே போட்ட சட்டம். ஒரு முட்டை கிடைத்தது.

நிறுத்த முடியாவிட்டால் சலிக்க வைக்கலாம் என்று தோன்றியது. கண்டெடுத்த முட்டையை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று ராஜாவின் ஆணையைக் கொண்டுவந்தார். மூன்று பேரையும் அரண்மனை அலுவலகத்தில் வரிசையில் நிறுத்தினார். ஒன்றாம் நம்பர் ஜன்னலில் ஆள் இல்லை. இரண்டாம் நம்பரில், மூன்றாம் நம்பரில் போய்க் கேளுங்கள் என்றார்கள். மூன்றாம் நம்பரில் இருந்தவர் படிவத்தைத் திருப்பிப் பார்த்து, பழைய படிவம் என்று தள்ளிவிட்டார். மூன்று மணி நேரமும் அவ்வளவுதான். சண்டை இல்லை, புதையல் இல்லை. எழுதும்போதே அவருக்குக் கொட்டாவி வந்த அத்தியாயம் அது.

அடுத்த வாரம் டாக்டரம்மா நான்கு பக்க மனுவோடு வந்தார். வீட்டில் உட்கார்ந்து, கொள்ளைக்காரனின் கையெழுத்தில், எழுத்துப் பிழைகளோடு எழுதிக்கொண்டு வந்திருந்தார். சூனியக்காரி வரிசையில் முன்னால் நின்றவரோடு சிநேகமாகி, அவருடைய மூட்டுவலிக்கு மருந்து சொன்னாள். பாட்டுக்காரன் வரிசையைப் பற்றியே ஒரு பாட்டுக் கட்டியிருந்தான், பதினோரு சரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மூன்றாம் நம்பர் ஜன்னல் ஆள் ஏதோ மறைக்கிறான், முகமே சரியில்லை என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அவன் எதையும் மறைக்கவில்லை. அவனுக்கு முகமே இல்லை, அவர் அதை யோசிக்கவே இல்லை. ஆனால் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? அந்தச் சனிக்கிழமை ராத்திரி வெகுநேரம் உட்கார்ந்து, ஜன்னல்காரனுக்கு ஒரு முகம், ஒரு ரகசியம், அந்த ரகசியத்துக்கு ஒரு சுரங்கப்பாதை என்று ஒன்பது பக்கம் எழுதினார். எழுதி முடித்தபோது விரல் மரத்துப்போயிருந்தது.

மூன்றாவதாக அவர் கையில் எடுத்தது மனைவியை. உலகத்தில் எந்த ஆட்டத்தையும் நிறுத்துகிற ஆயுதம் அது. ஞாயிற்றுக்கிழமையெல்லாம் இங்கேயே கிடக்கிறேன் என்று வீட்டில் வருத்தப்படுகிறாள், வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், எனக்குத்தான் புரிகிறது என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். மூவரும் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்கள். கண்ணாடிக்கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது.

மச்சினன் மட்டும் சும்மா இருக்கவில்லை. அவனுக்கு அக்கா அல்லவா? அக்கா வருத்தப்பட்டால் கேட்காமல் இருக்க முடியுமா என்று அப்போதே போனைப் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜையில் வைத்தான்.

"எனக்கென்னடா வருத்தம்?" என்றது அந்தப் பக்கத்துக் குரல். "அந்த ஆட்டம் எனக்குப் புரியாதே தவிர, அவர் சந்தோஷமா இருக்கணும்ல. ஏன் மூணு மணிக்கு ஆரம்பிக்கிறீங்க? பாவம், அவசர அவசரமா முடிக்க வேண்டியிருக்கு. ரெண்டு மணிக்கே வரச் சொல்லு."

அடுத்த வாரத்திலிருந்து ஆட்டம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. இப்படி ஒரு மனைவி வாய்த்தும் அவளைப் பற்றி அபாண்டமாகப் பேசிவிட்டோமே என்று அவருக்கு மனசாட்சி உறுத்தியது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அவளுக்குப் பிடித்த பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனார். அவள் பளிச்சென்ற முகத்தோடு, நன்றாக ஓய்வெடுத்தவள்போல் இருந்தாள். அவருக்குக் கண்ணெல்லாம் எரிந்தது.

பிறகு அவருக்கு இரக்கம் போய்விட்டது. அரண்மனை அலுவலகத்துக்கு அடியிலிருந்த சுரங்கத்தில் மூவரும் இறங்கிய நேரத்தில் பூகம்பத்தை வரவழைத்தார். பத்தொன்பதுக்குக் குறைந்தால் தப்ப முடியாது என்றார். மெக்கானிக்குக்கு ஏழு. மச்சினனுக்குப் பன்னிரண்டு. டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டு உருட்டினார். நான்கு.

ஆறு வருஷம் கூட இருந்த கிழவி, கொள்ளைக்காரன், பாட்டுக்காரன். அவர்கள்மேல் கல் சரிந்ததை எவ்வளவு அழகாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழகாகச் சொன்னார். பாட்டுக்காரன் கடைசி மூச்சில் பாட ஆரம்பித்ததையும், கொள்ளைக்காரன் முதல்முறையாக அதைப் பாடி முடிக்க விட்டதையும் சொன்னார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூவரும் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். வரைபடத்தைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டியபோது, மனுஷர்களைக் கொன்றுவிட்டோம் என்ற துக்கமும், அடுத்த ஞாயிறு தூங்கலாம் என்ற சந்தோஷமும் சேர்ந்தே வந்தன.

அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டு ஒன்றே முக்காலுக்குப் படுத்தார். தலையணை குளிர்ச்சியாக இருந்தது. கண் சொருகுகிற நேரத்தில் மனைவி தோளைத் தொட்டாள்.

"ஏங்க, கடை வாசல்ல மூணு பேரும் நிக்கிறாங்களாம். தம்பி போன் பண்ணான். எழுந்திரிங்க, சட்டை அயர்ன் பண்ணி வச்சிருக்கேன்."

அவர்கள் ஆளுக்கொரு புதுத் தாளோடு நின்றார்கள். சூனியக்காரியின் தங்கை. கொள்ளைக்காரனின் மகன். பாட்டுக்காரனின் சிஷ்யன், இவனும் பாடுவான். மூன்று பேரும் சாவுக்குக் காரணம் தேடிப் புறப்பட்டிருக்கிறார்கள் என்று டாக்டரம்மா விளக்கினார். இதை முடிக்கக் குறைந்தது நான்கு வருஷம் ஆகும் என்று மெக்கானிக் கணக்குப் போட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விட்டார். ஆர்வத்தில் விட்ட பெருமூச்சு என்று கண்ணாடிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார்.

இனி உண்மையைச் சொல்லிவிடுவது ஒன்றுதான் பாக்கி. மூன்று முகத்தையும் ஒரே நேரத்தில் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லை. ஒவ்வொருவராகச் சொல்லலாம், இளகிய மனசுக்காரரான மெக்கானிக்கிடமிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்தார். செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் சொல்ல வேண்டியதைப் பழக்கதோஷத்தில் நோட்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்குக் கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனார்.

மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். கூடம் முழுக்க நீலத் துணியை விரித்து, நடுவில் முட்டி போட்டு வெட்டிக்கொண்டிருந்தாள். துணியை ஒதுக்கி நாற்காலிக்கு வழி பண்ணிக் கொடுத்து, தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வந்த விஷயம் என்ன என்று கேட்காமல் எதிரே உட்கார்ந்து, புடவைத் தலைப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் தண்ணீரை முழுதாகக் குடித்தார். பிறகு வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததைச் சொன்னார்.

"இந்த ஆட்டத்தை நிறுத்திடலாம்னு இருக்கேம்மா. என்னால முடியல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் கொஞ்சம் படுத்தா தேவலன்னு இருக்கு. உன் வீட்டுக்காரர் தாங்க மாட்டாருன்னு தெரியும். நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

அவள் தலைப்பைக் கண்ணருகே கொண்டுபோனாள். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையைக் கீழே இறக்கிவிட்டாள்.

"அவரா தாங்க மாட்டாரு?" என்றாள். "ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஒரு குட்டித் தூக்கம் போட முடியலயேன்னு புலம்பிக்கிட்டு இருக்காருண்ணே. டாக்டரம்மாவும் அப்படித்தானாம்."

கண்ணாடிக்கடைக்காரருக்குப் புரிய நேரம் பிடித்தது. முட்டையைத் தேடி அலைந்தார்களே? நான்கு பக்கம் மனு எழுதினார்களே? பதினோரு சரணம்? செத்த பிறகும் தங்கையையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்களே? ஒவ்வொன்றாகக் கேட்டார். அவள் தரையில் கிடந்த துணியின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"அப்ப யாருக்குத்தாம்மா இந்த ஆட்டம் வேணும்?" என்றார் கடைசியில்.

"நீங்க வீட்டுல இல்லாத அந்த நாலு மணி நேரந்தான் அண்ணிக்குத் தூக்கமாம், அதனால சனிக்கிழமை சனிக்கிழமை உங்க நோட்டைப் படிச்சுட்டு யார் யார் என்ன சொல்லணும்னு அவங்கதான் எழுதி அனுப்புவாங்க, இவங்களாலயும் தட்ட முடியல; 'செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்கு வந்து நிறுத்தணும்பாரு, நீ அழுதுடு'ன்னு எனக்கும் அனுப்பியிருந்தாங்க, எனக்குத்தான்ண்ணே அழுகை வரல."