முதல் சர்வரில் அறுபது பேர்

காலை பத்து மணிக்கு அரியமுத்து கறுப்புத் திரையில் பதினோராவது தடவையாக அதே கட்டளையை அடித்தார். முதல் சர்வரில் அறுபது பேர், இரண்டாவதில் ஐந்தே பேர் என்று பதில் வந்தது. ரிசல்ட் பக்கத்தைத் திறக்க வருகிற கூட்டத்தை இரண்டுக்கும் சமமாகப் பிரித்துவிட வேண்டிய லோடு பேலன்சர் ஓரவஞ்சனை செய்துகொண்டிருந்தது.

பெரம்பலூர்ப் பக்கத்துக் கல்லூரி அது. 2006-இல் செமஸ்டர் முடிவை இன்டர்நெட்டில் போடுவதென்றால் சும்மாவா? போன தடவை பக்கம் திறக்காமல் மானம் போனது. அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அரியமுத்துவின் வேலையோ இன்னும் தற்காலிகம்தான்.

"இன்னிக்கும் படுத்துச்சுன்னா நாளைலேருந்து நீங்க வர வேணாம்," என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். பெண்டாட்டி பிள்ளைகளோடு சொந்த ஊரான எறையூருக்கே திரும்ப வேண்டியதுதானா என்று அரியமுத்து யோசித்தார்.

அரியலூரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் பாக்யலட்சுமிக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நம்ம காலேஜ் பக்கம் தொறக்குதா?"

"மெதுவாத்தாங்க வருது. இருங்க, பதினஞ்சு மெஷின்லயும் போட்டுப் பாக்கச் சொல்றேன். பக்கத்து சென்டர்லயும் சொல்றேன்."

மறுபடி கட்டளை. இப்போது முதல் சர்வரில் தொண்ணூற்றைந்து. பிரின்சிபால் உள்ளே வந்தார்.

"என்ன நெலம?"

"கூட்டம் ஏறிக்கிட்டே இருக்குங்க சார்."

"அப்ப எல்லா லேப்லயும் தொறந்து வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றேன். நின்னா ஒடனே தெரியணும்."

கட்டளை முந்நூறு என்றது. அரியமுத்து முதல் சர்வரை நிறுத்தி எழுப்பினார். அந்த நேரத்தில் மொத்தக் கூட்டமும் இரண்டாவதின் தலையில் விழ, அது படுத்துக்கொண்டது. முதலாவது எழுந்ததும் எல்லாரும் அதை அமுக்க, அதுவும் படுத்தது.

பிரின்சிபால் திரும்பி வந்து நின்றார். கீழப்பழுவூரிலிருந்து பஸ் பிடித்து பிரவுசிங் சென்டருக்கு வந்து எந்தப் பிள்ளை வெள்ளைப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறதோ என்று அரியமுத்து நினைத்துக்கொண்டார். தன் வேலையைவிட அதுதான் அப்போது உறுத்தியது.

"என் தப்புதாங்க சார்," என்றார்.

பிரின்சிபால் வாட்ச்மேன் சாமிதுரையைக் கூப்பிட்டார்.

"பிள்ளைங்க ரிசல்ட் தெரியாம கேட்டுல தகராறு பண்றாங்களா?"

"எந்தப் பிள்ளைங்க சார்? நீங்க காலையில ரிசல்ட்ட நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொன்னீங்கள்ல, அதப் பாத்துட்டு எட்டு மணிக்கே எல்லாரும் பஸ் ஏறிட்டாங்க."