ஊதாக் குளமும் ராஜாவின் புகழும்

சாந்தமாபுரி என்றொரு நாடு. ஏழு கடலுக்கு அப்பால் என்று சொல்ல மாட்டேன். அவ்வளவு தூரமெல்லாம் போக வேண்டியதில்லை. அங்கே சபையில் யார் எழுந்தாலும் முதலில் ராஜாவைப் புகழ வேண்டும், அப்புறம்தான் விஷயம். பாதிப் பேர் விஷயத்துக்கு வருவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிடும். ராஜா விசயகீர்த்தி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அந்தப் புகழைக் கேட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

இன்னொரு விதியும் உண்டு. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் எதைப் பற்றியும் சபையில் மூச்சு விடக் கூடாது. நல்ல விதிதான். தராசு முள் ஆடும்போது பக்கத்தில் நின்று ஊதலாமா? முன்னோர்கள் நல்ல எண்ணத்தில்தான் எழுதி வைத்தார்கள், பாவம்.

பாசிக்குளம் ஊரின் உறுப்பினர் மாரிக்கொழுந்து. அந்த ஊருக்குக் குடிக்க இருப்பது ஒரே குளம். அதன் கரையில் நீர்வள அமைச்சர் புண்ணியகோடியின் மைத்துனர் சாயப்பட்டறை வைத்தார். குளம் ஊதாவாயிற்று. பிள்ளைகள் வாந்தி எடுத்தன. மாரிக்கொழுந்தின் மகள் பூவரசி எழுந்து உட்கார முடியாமல் பாயோடு கிடந்தாள். மாரிக்கொழுந்து சபைக்கு வந்தாள். ராஜாவின் புகழ் கடலினும் பெரிது, வானினும் பெரிது என்று அவசரமாக ஒப்பித்துவிட்டுக் கேட்டாள்.

"எங்க குளத்துல சாயத்தை விடச் சொன்னது யாருங்க ஐயா?"

அமைச்சர் எழுந்து சால்வையைச் சரிசெய்தார். "மாண்புமிகு உறுப்பினரின் கவலையே என் கவலை. ஆனால் அந்த நீரின் நிறம் ஊதாவா, கத்தரிப்பூவா என்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளது. நான் வாய் திறந்தால் நீதியின் கதி என்ன?"

சபாநாயகர் மணியடித்தார். கேள்வி சபைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. வழக்குப் போட்டவர் யார் என்கிறீர்களா? அமைச்சர் வீட்டுச் சமையல்காரர். முந்தின நாள்தான் போட்டார்.

அடடே, இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று மற்ற அமைச்சர்களும் விழித்துக்கொண்டார்கள். குழி என்பது சாலையைச் சேர்ந்ததா, பூமியைச் சேர்ந்ததா என்று சாலை அமைச்சரின் வண்டிக்காரர் வழக்குப் போட்டார். அரிசியில் கல்லா, கல்லில் அரிசியா என்று உணவு அமைச்சரின் மாமனார் போட்டார். பிள்ளைகளுக்கு மருந்தாவது அனுப்புங்கள் என்று மாரிக்கொழுந்து கெஞ்சினாள். காய்ச்சல் அரசுக்குச் சொந்தமா, நோயாளிக்குச் சொந்தமா என்ற வழக்கு முடியட்டும் என்றார் மருத்துவ அமைச்சர். மணி அடித்தது. கேள்விகள் ஒழிந்ததால் சபையில் காலையிலிருந்து மாலைவரை புகழ்தான். ராஜா இரண்டு சுற்றுப் பெருத்தார்.

வீட்டில் பூவரசி கேட்டாள். "கேட்டியாம்மா?"

"கேட்டேன்டி கண்ணு."

"என்ன சொன்னாங்க?"

மாரிக்கொழுந்துக்கு அழுகை முட்டியது. அழுது என்ன ஆகப் போகிறது? முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று நேரே நீதிமன்றத்துக்குப் போனாள். மன்னரின் புகழ் கடலினும் பெரிதா, வானினும் பெரிதா, இதை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்று ஒரு மனுக் கொடுத்தாள். என்ன ராஜபக்தி என்று எழுத்தர் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சபையில் முதலாவதாக ஒரு மந்திரி எழுந்தார். "வானினும் உயர்ந்த புகழுடைய எம் மன்னர்..."

"ஐயா, அது நிலுவையில இருக்குதுங்க!" என்றாள் மாரிக்கொழுந்து.

சபாநாயகரின் கை பழகிய கை. மணியை அடித்தேவிட்டது. அடுத்தவர் கடல் என்று ஆரம்பித்தார், அதற்கும் மணி. அப்புறம் பேச எதுவும் இல்லாமல் எல்லோரும் உத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைமை நீதிபதியை அழைத்தார். "என் வழக்கை உடனே எடும்!"

"வரிசைப்படிதான், மகாராஜா. முன்னால் மந்திரிமாரின் வழக்குகள் நிற்கின்றன. முடிவதற்குத் தங்கள் பேரன் காலம் ஆகும்."

"வரிசையை நான் மீறக் கூடாதா?"

"மீறலாமா என்றும் ஒரு வழக்கு இருக்கிறது."

ராஜா பல்லைக் கடித்தார். மந்திரிகளின் வழக்குகள் எல்லாம் அன்றே வாபஸ் ஆயின. புகழ்தான் நிலுவையில் இருக்கிறதே, மாரிக்கொழுந்து சபையில் நேரே பழைய கேள்வியையே கேட்டாள். புண்ணியகோடி சால்வையைத் தடவினார், சமையல்காரரைத் தேடினார். திரைக்குப் பின்னாலிருந்து பசித்த தொண்டை ஒன்று கனைத்தது. பட்டறை இன்றே மூடப்படும், வைத்தியர் இன்றே போவார் என்று அமைச்சர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கடைசியில் ராஜாவின் வழக்கு வந்தது. மாரிக்கொழுந்து கைகூப்பினாள்.

"எனக்கு வாய்தா வேணுங்க ஐயா."

"எதற்கம்மா?"

"வைத்தியர் வந்து என்ன, பட்டறையை மூடி என்ன, குளம் இன்னும் ஊதாவாத்தான் இருக்கு. எம் பொண்ணு அந்தத் தண்ணியைப் பயப்படாமக் குடிக்கட்டும். அன்னிக்கு வந்து ராஜா புகழை நானே அளந்து சொல்றேன்."

வாய்தா கிடைத்தது.

சபையில் இன்னும் புகழ் கிடையாது. அரண்மனையில் இப்போதெல்லாம் விடிந்ததும், பல்கூட விளக்காமல், ராஜா வாசலுக்கு ஓடி வந்து கேட்கிறாராம்: "பாசிக்குளத்துத் தண்ணி இன்னிக்கு எப்படி இருக்கு?"