சலாம் பாய் இடம் பிடித்த பஸ்

யாரிடமும் வழி கேட்பதில்லை என்று அப்துல் சலாம் முடிவெடுத்தபோது காலை மணி ஏழு. முடிவைக் கேட்டதும் அவர் மனைவி ஜாஹிதா தோசையைத் திருப்பிப் போட்டாள். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருபது வருடக் குடித்தனத்தில் அவள் எதிர்த்துப் பேசாத நாட்களில்தான் தனக்குப் பலத்த அடியெல்லாம் விழுந்திருக்கிறது என்று அவர் அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவர் மனசில் வேறு ஒரு பழைய அடி வலித்துக்கொண்டிருந்தது.

அது விழுந்து நாலு வருடம். ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணம். பழனி பஜாரில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் விற்கும் சலாம், பஸ் மாறி ஏறித் தாராபுரம் வரை போய்விட்டுத் திரும்பி வந்து சேர்ந்தபோது கடைசிப் பந்தி. அங்கே சகலை இத்ரீஸ், அதாவது ஜாஹிதாவின் தங்கை ஜஹீராவைக் கட்டியவன், பிரியாணிக் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சபை நடுவில் சொன்னான்: "எங்க அண்ணன் கடையில இருந்து பள்ளிவாசலுக்குப் போறதா இருந்தாக்கூட ஒரு ஆளு கூடப் போகணும்."

பந்தியே சிரித்தது. ஜாஹிதாவும் சிரித்தாள் என்பது சலாமின் புகார். எனக்கு இருமல் வந்தது என்பது அவள் தரப்பு. அன்றைக்கே அவர் சபதம் செய்துவிட்டார்: "அவன் என் முன்னால வந்து நின்னு, கையப் புடிச்சு, 'வாங்கண்ணே'ன்னு கூப்பிடணும். இல்லாட்டி அவன் வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

சபதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஜஹீராவுக்குப் பெண் பிறந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. கொடைக்கானலுக்கும் அப்பால், மலை முடிகிற இடத்தில், கிளாவரை என்ற ஊரில் இத்ரீஸ் மளிகைக் கடை வைத்திருக்கிறான். அங்கே புதன்கிழமை முடி இறக்கிப் பேர் வைக்கிறார்கள்.

"போன் பண்ணிக் கூப்பிட்டாருங்க," என்றாள் ஜாஹிதா.

"போன்ல கையப் புடிக்க முடியுமா?"

"பச்சப்புள்ளைய விட்டுட்டு அவரு இம்புட்டுத் தூரம் எப்படி வருவாரு?"

"அது அவன் சோலி."

அன்றிரவு ஜாஹிதா சாப்பிடவில்லை. தங்கைக்குப் பிள்ளை வேண்டும் என்று நோன்பு பிடித்தவள் அவள். சலாமுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் சபதம் சபதம்தான். அதனால்தான் பரிகாரமாக இந்தக் கொடைக்கானல் சுற்றுலா. மகள் ஸைமாவுக்குக் காலாண்டு லீவு. செவ்வாய்க்கிழமை காலையில் போய், இருட்டுவதற்குள் திரும்புவது. அப்படியே தனக்கு வழி தெரியும் என்று உலகத்துக்குக் காட்டிவிடுவது.

"டாக்ஸி கெடையாது. போன்ல மேப்பு கெடையாது. ஒருத்தர்கிட்டயும் கேக்கக் கூடாது. போர்டப் பாப்போம், ஏறுவோம்," என்றார்.

"நீங்க எந்த பஸ்ஸுல ஏத்துறீங்களோ அதுல ஏறுறோம்," என்றாள் ஜாஹிதா. "நடுவுல எறங்கணும்னு நாங்களும் கேக்க மாட்டோம், நீங்களும் கேக்கக் கூடாது."

"கேப்பனா?" என்றார் சலாம்.

எட்டு மணிக்கு ஸைமா கடை ஷட்டரில் ஒரு அட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னவென்று சலாம் கேட்டார். "லீவு போர்டு அத்தா," என்றாள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, எதிர்க்கடை சூசைமுத்துவைப் பார்த்து பஜாருக்கே கேட்கும்படி சொன்னார்: "ஒருத்தர்கிட்டயும் வழி கேக்காமப் போயிட்டு வர்றேன், பாரும்!"

சூசைமுத்து அவரைப் பார்த்தார். பிறகு அவர் தலைக்கு மேலே பார்த்தார். "உங்களுக்கென்ன பாய், போற எடம் தெளிவாத்தான் இருக்கு," என்றார். "அத்தா, சிரிங்க," என்று ஸைமா ஒரு படம் பிடித்தாள். கிளம்பினார்கள்.

பழனியிலிருந்து கொடைக்கானல் வரை ஒரு தொந்தரவும் இல்லை. ஏனென்றால் அந்த பஸ் கொடைக்கானலுக்குத்தான் போயிற்று. தொந்தரவு அங்கே இறங்கியதும் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பனி மூட்டம். அதற்குள்ளிருந்து ஒவ்வொரு பஸ்ஸாக மூக்கை நீட்டியது. முதல் பஸ்ஸின் போர்டு 'கொடைக்கானல்'. இரண்டாவதும் 'கொடைக்கானல்'. மூன்றாவதும் அதே.

"நாமதான் கொடைக்கானலுக்கு வந்துட்டோமே அத்தா?" என்றாள் ஸைமா.

"இது வெளிக் கொடைக்கானல். உள்ளே இருக்கு பாரு, ஏரி, தூண் பாறை எல்லாம். இதெல்லாம் உள்ள போற பஸ்ஸு."

இருப்பதிலேயே சுத்தமான ஒரு பஸ்ஸைத் தேர்ந்தெடுத்து மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோர சீட்டில் ஒரு கடலைமிட்டாய்க் காகிதம் கிடந்தது. ஸைமா அதை எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தாள்.

"அத்தா, இது நான் தின்ன மிட்டாய்."

அது அவர்கள் வந்த அதே பஸ். இன்னும் பத்து நிமிடத்தில் பழனிக்குத் திரும்புகிறது. போர்டை மாற்றக் கண்டக்டருக்கு இன்னும் மனசு வரவில்லை, அவ்வளவுதான். "எறங்கும்போது ஏதாச்சும் விட்டுட்டோமான்னு பாக்கத்தான் ஏறுனேன்," என்று சொல்லிக்கொண்டே சலாம் இறங்கினார்.

கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டார்கள். பிறகு சலாம் ஸ்டாண்டை மூன்று சுற்று சுற்றினார். ஒரு போர்டைக் கிட்டப் போய்ப் படிப்பதற்குள் அந்த பஸ் ரிவர்ஸ் எடுத்துவிடும். மூக்குக் கண்ணாடியில் பனி படிந்து போர்டும் பஸ்ஸும் ஒரே வெள்ளையாக ஆயிற்று. யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துபோகிற விஷயம். கேட்டால் இத்ரீஸ் சொன்னது உண்மையாகிவிடும். அவருக்கு அழுகை அழுகையாக வந்தது.

"கண்ணாடியக் குடுங்க, தொடச்சுத் தாரேன்," என்றாள் ஜாஹிதா. வாங்கித் துடைத்தாள். துடைத்ததைத் தான் கொண்டுவந்த பெரிய பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அதற்குள் மூலையில் ஒரு பஸ் உறுமியது. ஜனங்கள் அதன் மேல் பாய்ந்தார்கள்.

"ஐயோ, அந்த பஸ்ஸு வேணாங்க," என்றாள் ஜாஹிதா. "கூட்டத்தப் பாருங்க. இந்த வயசுல உங்களால எடம் புடிக்க முடியாது."

வயசு என்ற சொல் சலாமின் காதில் போய்க் குத்தியது. அவருக்கு வழி தெரியாமல் இருக்கலாம். இடம் பிடிக்கத் தெரியாது என்று பெற்ற தாய்கூடச் சொன்னதில்லை. ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்குள் கர்ச்சீப்பைப் போட்டு மூன்று பேர் சீட்டைப் பிடித்த பரம்பரை. "குடு இப்படி!" என்று பையைப் பிடுங்கினார். ஓடினார். எம்பினார். மூன்றாவது ஜன்னல் வழியே பையைத் தள்ளினார். அது மூன்று பேர் சீட்டில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டது.

"பை போட்டாச்சு! பை போட்டாச்சு!" என்று கத்திக்கொண்டே முட்டி மோதி ஏறினார். நாலு பேர் திட்டினார்கள். ஒருவர்கூடப் பையை நகர்த்தவில்லை. போட்ட பைக்கு உள்ள மரியாதை அப்படி. சலாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, பின்னால் வந்த மனைவியைப் பார்த்து மூச்சு வாங்கச் சிரித்தார்.

"வயசாம்!"

"நான்தாங்க தப்பா எடை போட்டுட்டேன்," என்றாள் ஜாஹிதா.

பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினார்கள். அதை மறித்து யாரோ உர மூட்டையை வைத்தார்கள். மூட்டை மேல் இன்னொருவர் காலை வைத்தார். பக்கத்தில் நின்ற ராக்கம்மா என்ற தோட்டக்காட்டுப் பெண்மணி ஜாஹிதாவிடம் குனிந்தாள்.

"எங்க தாயி போறீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான் தெரியும்."

ராக்கம்மா வீட்டுக்காரரைப் பார்த்தாள். "எங்கய்யா போறீங்க?"

"சுத்திப் பாக்க."

"இந்த பஸ்ஸுலயா?" என்றாள். அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. மண்டைக்குச் சரியில்லாதவரோடு பேச்சை வளர்க்க அவளுக்கு விருப்பமில்லை.

கண்டக்டர் வந்தார். "எங்கங்க?"

சலாமுக்கு வியர்த்தது. தூண் பாறை என்று சொல்லி, அது இந்த பஸ் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால்? மகள் எதிரில், மனைவி எதிரில், உர மூட்டை எதிரில் மானம் போய்விடும். "கடைசி ஸ்டாப்பு," என்றார்.

"கடைசி வரைக்குமா?"

"ஏன், நாங்க போகக் கூடாதா?"

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அதில் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரிந்தது. ஜாஹிதாவுக்கும் ஸைமாவுக்கும் பெண்களுக்கான இலவச டிக்கெட். சலாம் தன் டிக்கெட்டைக் கெத்தாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பஸ் போயிற்று. போயிற்று. வளைந்து வளைந்து போயிற்று. பார்க்க வேண்டிய இடங்களை எழுதிய தாளை ஸைமா எடுத்துப் பேனாவோடு தயாரானாள்.

"அத்தா, பைன் மரமெல்லாம் தெரியுது."

"பைன் காடு. டிக் போடு."

அது நிஜமாகவே பைன் காடுதான். அன்றைக்கு அவர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். பிறகு பள்ளத்தாக்கு முழுக்கப் பனி நிரம்பி நின்றது. "இதுதான் தூண் பாறை," என்றார்.

"ஒண்ணுமே தெரியலையே அத்தா?"

"பனிக்குள்ள இருக்கு. அது எப்பவும் அப்படித்தான்."

டிக். ஒரு மணி நேரம் கழித்துப் பூண்டுப் பாத்திகள் படிப்படியாக இறங்கும் ஒரு ஊர் வந்தது. "பூங்கா," என்றார். டிக். இன்னும் போனது. மன்னவனூர், மன்னவனூர் என்று யாரோ இறங்கினார்கள். தூரத்தில் பச்சைப் புல்வெளி நடுவே ஒரு நீர்ப்பரப்பு மின்னியது. சலாம் எழுந்தே விட்டார்.

"ஏரி! கொடைக்கானல் ஏரி!"

"போட் எங்க அத்தா?"

"போட் சாயங்காலத்துக்கு மேல விட மாட்டான்."

"ஆடு மேயுது?"

"குதிரை சவாரி நிறுத்திட்டாங்க. இப்ப ஆடுதான்."

ஸைமா டிக் போட்டாள். அவள் தோள் ஏன் குலுங்குகிறது என்று சலாமுக்குப் புரியவில்லை. அவருக்கு எதுவுமே புரியவில்லை. ஹோட்டல் ஒன்றையும் காணோம். டூரிஸ்ட் ஒருவரையும் காணோம். கேரட் தோட்டமும் உருளைக்கிழங்குத் தோட்டமும் வந்துகொண்டே இருந்தன. எங்கே போகிறோம் என்றே தெரியவில்லை. பொறுக்க முடியாமல் ராக்கம்மாவின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"என்னங்க, யார்கிட்டயாச்சும் ஏதாச்சும் கேக்கணுமா?" என்றாள் ஜாஹிதா.

"கொட்டாவி," என்றார் சலாம். வாயை மூடிக்கொண்டார்.

மணி ஐந்துக்கு பஸ் நின்றது. இன்ஜின் அணைந்தது. எல்லோரும் இறங்கினார்கள். தூறல். கடைசியாகச் சலாம் படிக்கட்டில் கால் வைத்தபோது கீழேயிருந்து ஒரு கை நீண்டது.

"பாத்துண்ணே, படி வழுக்கும். வாங்கண்ணே, வாங்க!"

சலாம் கையைப் பிடித்து இறங்கினார். இறங்கின பிறகுதான் முகத்தைப் பார்த்தார். குடை பிடித்துக்கொண்டு இத்ரீஸ் நின்றான்.

"முன்னால வந்து நின்னாச்சு," என்று பக்கத்திலிருந்து ஜாஹிதாவின் குரல் கேட்டது. "கையப் புடிச்சாச்சு. வாங்கண்ணேன்னும் சொல்லியாச்சு."

சலாம் கையை உதறினார். திரும்ப பஸ்ஸில் ஏறினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முதல் சீட்டில் போட்டு இடம் பிடித்தார். "நான் இப்பவே திரும்பிப் போறேன்!"

"வண்டி இங்க ஹால்ட்டுங்க," என்றார் கண்டக்டர். "காலையில வெள்ளனேதான் எடுப்போம்."

"அதுக்கு முன்னால பஸ்ஸு?"

"அதுவும் இதுதாங்க."

அன்றைக்கு அவர் வழி கேட்டது அது ஒரு தடவைதான். பதில் பிரயோஜனப்படவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டில் ஜஹீரா, "வாங்க மச்சான்," என்று சொல்லிவிட்டு அழுதாள். ஜாஹிதா தங்கையைக் கட்டிக்கொண்டு அதைவிட அதிகமாக அழுதாள். யாரோ பிள்ளையைச் சலாமின் மடியில் வைத்தார்கள். அது அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நாலு வருடக் கோபம் அங்கேயே கரைந்துபோயிற்று. இதற்குப் போய் இத்தனை நாள் வராமல் இருந்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

இத்ரீஸ் இஞ்சி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "அன்னைக்கு நான் பேசுனது தப்புண்ணே. ஒருத்தர்கிட்டயும் கேக்காம இந்தக் காட்டுக்கு வந்து சேந்துட்டீங்களே!"

சலாமுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அதுல என்னப்பா இருக்கு? போர்டப் பாத்தாப் போதும்."

ஜாஹிதா பெரிய பையைத் திறந்தாள். மேலே அவர் மூக்குக் கண்ணாடி. அதன் கீழே பிள்ளைக்கு வெள்ளி அரைஞாண், சட்டை. அதற்கும் கீழே அவருடைய கைலி, பல் பிரஷ், மூன்று நாளைக்கான பிரஷர் மாத்திரை. சலாம் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தப் பையை ஓடிப் போய், எம்பி, இந்த பஸ்ஸில் போட்டது யார் என்று நினைத்துப் பார்த்தார்.

"மூணு நாளா? கடை?" என்றார்.

"அதுக்குத்தான் போர்டு வச்சோமே அத்தா," என்று ஸைமா கண்ணாடியை அவர் மூக்கில் மாட்டி, போனை நீட்டினாள். காலையில் எடுத்த படம். ஷட்டரில் கொட்டை எழுத்தில் அட்டை தொங்கியது: 'கொழுந்தியா மகளுக்குப் பேர் வைக்கக் கிளாவரை போகிறோம். வெள்ளிக்கிழமை கடை திறக்கப்படும். இப்படிக்கு, அப்துல் சலாம்.'

அதற்கு நேர் கீழே, ஒற்றை விரலை உயர்த்திக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றது அவரேதான்.